கேபிளில் வந்த அத்தை

இப்போது கைபேசியில் ஒரு பொருளின் பெயரைத் தட்டிவிட்டால் போதும், அதை வாங்கச் சொல்லிப் பத்து நாள் நம்மைத் துரத்துகிறார்கள். என் சின்ன வயதில் விளம்பரம்தான் ஆளைத் தேடி அலைந்தது. சிங்காநல்லூரில் எங்களுக்கு ஒரு கிரைண்டர் கடை. அதற்குப் பின்னாலேயே வீடு. ஆடிக்கு ஒருமுறை ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துவார்கள். மற்றபடி தியேட்டரில் போடும் சிலைடுதான். அது இடைவேளையில் வரும். சனமெல்லாம் முறுக்கு வாங்க எழுந்து போயிருக்கும். அப்பா மட்டும் உட்கார்ந்து தன் கடைப் பெயரைத் தானே வாசித்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்கு வருவார்.

ஊருக்குள் கேபிள் டிவி வந்ததும் சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேபிள்காரர் தாமே ஒரு சேனல் வைத்து, தினமும் சாயங்காலம் படம் போட்டு, நடுநடுவே உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அடி மேல அடி வெச்சா அம்மியே நகருமுங்ணா. ஒரே படத்துல அஞ்சு தடவ காட்டறாங்க. நம்ம கிரைண்டர் நகராதுங்களா?" என்று அப்பாவை அரித்தெடுத்துச் சம்மதிக்க வைத்தார் சித்தப்பா.

எடுக்க வந்தவர் கல்யாண வீடியோக்காரர். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் நின்றாள். விளக்கு எரிந்ததும் முகூர்த்த வீட்டில் நிற்பதாகவே நினைத்தாளோ என்னவோ, சிரித்த முகத்தோடு அசையாமல் நின்றாள். வாயே திறக்கவில்லை. பிறகு அத்தையைக் கூப்பிட்டார்கள். அத்தை, அப்பாவின் தங்கை. மாமா விபத்தில் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். நாலு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கு மாவாட்டிக் காட்டுவது அவள்தான். அவள் பேச்சைக் கேட்டால் அம்மிக்கல் விற்கிறவன்கூட கிரைண்டர் வாங்கிப்போவான்.

வீடியோக்காரர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு, "அம்மணி, ஒரு பொட்டு வெச்சுக்கோங்க. லைட்டுல நெத்தி வெறிச்சுன்னு தெரியுது" என்றார்.

பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. புருசனை இழந்தவள் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் அப்போது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நான்தான் முந்திரிக்கொட்டை, எட்டு வயது. ஓடிப்போய் அம்மாவின் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து வந்து அத்தையின் நெற்றியில் ஒட்டினேன். தடுக்க வேண்டிய பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னையே பார்த்தாள். பிறகு கேமராவின் பக்கம் திரும்பி, "ஏனுங்க, மாவு பொங்கறதப் பாருங்க, பஞ்சாட்டம்!" என்று ஆரம்பித்தாள். ஒரே தடவையில் முடிந்தது. விளக்கணைந்ததும் பொட்டை உரித்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

விளம்பரம் சக்கைப்போடு போட்டது. "டிவில வந்த அம்மணி எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். வந்த இடத்தில்தான் வினை. இருகூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அத்தையின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரங்கூட டிவில நல்லாத்தானே இருந்தீங்க கண்ணு? எப்பங்க ஆச்சு?"

கேட்டதோடு நிற்காமல் அழவும் ஆரம்பித்துவிட்டார். அத்தைதான் அவரை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, நாலு வருடக் கதையைச் சொல்லித் தேற்றி அனுப்பினாள். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

அப்பாவுக்குத் தாளவில்லை. ஆறிய புண்ணைத் தங்கைக்கு நாமே கீறிவிட்டோமே என்று சோறுகூட இறங்கவில்லை. கேபிள்காரரிடம் சொல்லி உடனே நிறுத்துவதாகவும், கிரைண்டரை மட்டும் காட்டி வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வந்ததிலிருந்து எங்களிடம் எதையுமே கேட்டிராத அத்தை, கதவோரம் நின்றபடி வாய் திறந்தாள்.

"வேண்டாமுங்ணா. அதுபாட்டுக்கு ஓடட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறனுங்க."

அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார். வியாபாரத்துக்காக அத்தை எவ்வளவு தாங்கிக்கொள்கிறாள் என்று நானும் உருகிப்போனேன்.

தீபாவளி வரை அந்த விளம்பரம் ஓடியது. சாயங்காலம் படம் போட்டால் அத்தை அடுப்படியில்தான் இருப்பாள். விளம்பரம் வரும்போது மட்டும் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நிற்பாள். "நான் ஒட்டுன பொட்டு!" என்று நான் டிவியைத் தொட்டுக் காட்டுவேன். அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் என் தலையைத் தடவுவாள். மறுபடி படம் தொடங்கியதும் போய்விடுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் உட்கார மாட்டாள். எங்கள் அத்தைக்குச் சினிமாவே பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.