தாடையில் நான் துடைத்த துண்டு

ஸ்கான் படங்களிலிருந்து மண்டையோடு செய்யப் பழகிய முதல் வருடத்தில், என் மொடல்கள் சுத்தமானவை என்று எனக்கொரு திமிர் இருந்தது. மன்னாரில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் வேலை. படங்களை அடுக்கி, எலும்பை மட்டும் பிரித்துக் கணினியில் மண்டையோடாக்கிக் கொடுப்பேன். டொக்டர் அதை சிமியுலேட்டரில் ஏற்றி, ஆளைத் தொடுமுன் துளைத்துப் பழகுவார். வாயில் உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளைக் கீறல்கள் சிதறும். பல் அடைத்த இடமாக்கும் என்று அவற்றைத் துடைத்துவிடுவது என் வழக்கம்.

சவிரியம்மா அக்கா தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து, மன்னாருக்குப் பக்கத்திலுள்ள தன் ஊரான கீரிக்குத் திரும்பி வந்தவர். கடைவாய்ப்பல் ஒன்று தாடைக்குள் புதைந்து வலித்தது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், பயம் தெளியட்டும் என்று அவருக்கு மொடலைக் காட்டினேன். திரையைப் பார்த்தபடி நாக்கால் தாடையைத் தடவினார்.

"அது எங்கை, தம்பி?"

"எது அக்கா?"

"ஷெல் துண்டு."

அவர் நிரப்பித் தந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "பழைய காயம் ஒண்டும் இல்லை எண்டெல்லோ ஃபோமிலை எழுதினீங்கள்?"

"காயம் எண்டால் எங்கை பட்டது, சண்டையிலை ஆரோடை நிண்டனி எண்டு கேப்பினம். பதியிற இடமெல்லாம் பதில் சொல்லிக் களைச்சுப் போனன். நீங்கள் அழிச்சது நல்லது. அப்பிடியே இருக்கட்டும்."

மூலப்படங்களைத் திறந்தேன். பல்லுக்கடியில், நரம்பை ஒட்டி, அரிசியளவு உலோகம். டொக்டர் மூன்று தடவை துளைத்துப் பழகிய வழி அதற்கூடாகத்தான் போனது.

"துண்டு அசைஞ்சு நரம்பிலை பட்டால் உதடு விறைச்சபடியே போயிடும் அக்கா. பிழை என்ரை. டொக்டரிட்டைச் சொல்லட்டோ?"

அக்கா திரையில் அந்தத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "உங்கடை பிழையைச் சொல்லுங்கோ. என்ரை கதையைச் சொல்லவேண்டாம்."

அப்படியே போய்ச் சொன்னேன். டொக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு, "என்ன உலோகம்?" என்றார்.

"நான் விசாரிக்கேல்லை, டொக்டர்."

என்னை ஒருமுறை பார்த்தார். "விசாரிக்க வேண்டாம். துண்டை மொடலிலை திருப்பிப் போடும்."

போட்டுக் கொடுத்தேன். பக்கவாட்டில் வேறு வழி பழகினார். மறுநாள் பல் வெளியே வந்தது. துண்டை அவர் தொடவில்லை. ஊசியின் விறைப்பு இறங்கியதும் பஞ்சால் அக்காவின் கீழுதட்டைத் தொட்டார்.

"தெரியுதோ?"

"ஓம், தெரியுது."

வெளியே வந்து அழுதேன். வெட்கமாகவும் இருந்தது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: எதையும் துடைக்குமுன் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இருக்கிறதா என்று கேளுங்கள். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.