கண்ணி நழுவுது, என்ன செய்யலாம்?

பக்கவாதம் வந்து நான்காம் மாதம் என் கால் திரும்பி வந்தது. வாய் அதற்கு முன்பே சரியாகிவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை சொன்னதைக் கேட்டது. அதற்குக் கீழே, விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி, தூங்குகிற குழந்தையின் கை போல இருந்தன.

நான் பட்டு நெசவாளி. தறியில் வலது கை கயிற்றை இழுத்து, நூல் சுமக்கும் நாடாவை ஓடவிட்டால் இடது கை பலகையை அடிக்க வேண்டும். இழை அறுந்தால் இரண்டு கையின் விரல் நுனிகளும் சேர்ந்து அதைப் பிணைக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் அந்த வேலையைச் செய்தேன், இடது கை என்று தனியாக ஒன்று இருப்பதை நினைக்காமலேயே. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த மறு மாதம், பாதியில் நின்ற சேலையை முடிக்க என் மனைவி தறியில் இறங்கினாள். அவளும் நெசவு தெரிந்தவள்தான். அவள் நெய்ய, நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

பிசியோதெரபி செய்கிற பெண் போளூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஆரணியில் ஒரு சின்ன கிளினிக்கில் வாரம் மூன்று நாள் எனக்குப் பயிற்சி. பந்தை அமுக்கு, கிளிப்பைப் பிடி என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்திருக்க வேண்டும். ஒரு நாள், நூல் வேலை தெரிந்தவர்தானே, உல்லன் பின்னிப் பாருங்கள், இரண்டு கைக்கும் வேலை இருக்கும் என்றாள். கடைத்தெரு ஃபேன்சி ஸ்டோரில் மனைவி இரண்டு ஊசியும் சாம்பல் நிற உல்லன் உருண்டையும் வாங்கி வந்தாள்.

வீடியோ பார்த்து, பின்னல் என்னவென்று அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டேன். இடது ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் வலது ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, இழுத்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இடது ஊசி நிற்கவில்லை. நான்காவது கண்ணி வருவதற்குள் அது சாயும், மிச்சக் கண்ணிகள் உருவிக்கொண்டு போகும்.

மனைவியின் போனில் பின்னல் போடுகிறவர்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்தேன். தமிழில் பேசுகிறவர்கள். பெண்களுக்கு மட்டும் என்று மேலேயே எழுதியிருந்தது. போனில் இருந்தது மனைவியின் கணக்கு, படத்தில் அவள் நெய்த பார்டர். சேர்த்துக்கொண்டார்கள். "கண்ணி நழுவுது, என்ன செய்யலாம்?" என்று முதல் கேள்வியைப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் ஆறு பேர் பதில் சொன்னார்கள். எல்லாருக்கும் நான் அக்கா. அக்கா, இரும்பு ஊசி வழுக்கும், மூங்கில் ஊசி வாங்குங்க. அக்கா, ரொம்ப லூசா போடுறீங்க. அக்கா, கண்ணியைக் குறைச்சு பத்துல ஆரம்பிங்க. முகம் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு பேர் அக்கறை எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன். மூங்கில் ஊசி தபாலில் வந்தது. அதிலும் நழுவியது. பத்துக் கண்ணியும் நழுவியது. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொன்னார்கள். கையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அங்கே ஒரு இடத்திலாவது கை நன்றாக இருக்கிற ஆளாக இருக்கலாம் என்று தோன்றியிருக்கலாம். அப்போது அப்படி யோசிக்கவில்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் ஒருவர், அக்கா, நீங்கள் பின்னும்போது கையை வீடியோ எடுத்துப் போடுங்கள், பார்த்தால் தவறு தெரிந்துவிடும் என்றார். நல்ல யோசனை என்று பலரும் அதன் கீழே எழுதினார்கள். நான் என் கைகளைப் பார்த்தேன். ரோமம் அடர்ந்த ஆண் கைகள். அதில் ஒன்று மடங்கிக் கிடந்தது. போனை அணைத்துவிட்டேன். நான்கு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐந்தாம் நாள் கிளினிக்கிலிருந்து வந்தபோது மனைவி தறியை நிறுத்திவிட்டுப் போனோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு என்ன ஆச்சு, ஏன் பதிலே இல்லை என்று பலர் விசாரித்திருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டு அவளே பதில் எழுதியிருந்தாள். கேள்வி கேட்டது என் வீட்டுக்காரர், ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்துவிட்டது, ஊசி பிடிக்க வரவில்லை என்று.

யாரைக் கேட்டு எழுதினாய் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கை வரலன்னு சொல்லாம ஊசி வழுக்குதுன்னு சொல்லிகினு இருந்தீங்கன்னா, அவங்க ஊசியத்தாங்க மாத்தச் சொல்வாங்க."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீடியோ அனுப்பினாள். முகம் இல்லை, மடி மட்டும். சிறு வயதில் காய்ச்சல் வந்து அவளுக்கு வலது கை சூம்பிப்போனது. ஒரு துண்டைச் சுருட்டி, வயிற்றின் மேல் பெல்ட்டால் இறுக்கி, அந்தச் சுருளுக்குள் ஒரு ஊசியைச் செருகியிருந்தாள். அது அசையாமல் நின்றது. இன்னொரு ஊசியை இடது கையில் பிடித்து, ஆள்காட்டி விரலால் நூலைத் தட்டித் தட்டிப் பின்னினாள். தறியில் விசையோடு ஓடுகிற நாடாவைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிக்கல்: அவள் செய்வது இடது கையால், என்னிடம் இருப்பது வலது கை. எல்லாம் தலைகீழ். மனைவிதான் பீரோ கண்ணாடிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, போனைக் கண்ணாடியைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் குன்னூர்க்காரிக்கு வலது கை வந்துவிட்டது. குளியல் துண்டைச் சுருட்டி, என் பச்சை பெல்ட்டால் கட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துப் பார்த்து ஒரு வரிசை முடித்தேன். பன்னிரண்டு கண்ணி. ஒன்றும் நழுவவில்லை. மனைவி போனைப் பிடித்த கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலையில் குழு திறக்கவில்லை. எங்களை நீக்கியிருந்தார்கள். நிர்வாகி அனுப்பிய செய்தி மரியாதையாகத்தான் இருந்தது. முன்பு ஆண்கள் சிலர் பெண் பெயரில் நுழைந்து படங்களை எடுத்துத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் விதியைத் தளர்த்த முடியாது, அண்ணா மன்னிக்கவும் என்று. அக்காவாக இருந்த நான் ஒரே இரவில் அண்ணா ஆனேன். அவர்கள்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அவர்கள் சொன்னது நியாயம். நான் பொய் சொல்லித்தான் உள்ளே இருந்தேன்.

ஆனால் வீடியோவும் அங்கேயே போய்விட்டது. அதில் நான் முதல் வரிசை வரைதான் பார்த்திருந்தேன். வரிசை முடிந்ததும் காலி ஊசியை உருவிவிட்டு, நிறைந்த ஊசியைத் துண்டுக்குள் செருக வேண்டும். ஒரே கையால் அதைச் செய்யப் போனால், எதைக் கீழே வைத்தாலும் கண்ணிகள் கழன்றன. அதனால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் நாடாவை நிறுத்தி, தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, ஊசியை மாற்றிவிட்டு, மறுபடி இறங்குவாள். நாலு முறை, ஐந்து முறை. ஆறாவது முறை நான் கூப்பிடவில்லை. முடிந்த வரிசையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சாப்பிட எழும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். நிர்வாகிக்குத் தனியாக எழுதினாள். இனிமேல் போனை நான்தான் தொடுவேன், அவர் தொடமாட்டார், வேண்டுமென்றால் வீடியோ காலில் வந்து பாருங்கள் என்று. ஒரு வாரம் கழித்து அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான் கேள்வியைச் சொல்வேன், அவள் தட்டுவாள். பதிலை அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும், வீடியோவை அவள்தான் போட்டுக் காட்ட வேண்டும். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று போனை என் கையில் தரவே மாட்டாள்.

ஊசியை எப்படி மாற்றுவது என்ற கேள்விக்குக் குன்னூர்க்காரி ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தாள்: "பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கச் சொல்லுங்க அக்கா, நான் அப்படித்தான் செய்றேன்."

நிறைந்த ஊசியைப் பல்லால் கடித்துக்கொண்டு, காலி ஊசியை உருவினேன். வந்தது. அன்று முதல் யாரையும் கூப்பிடாமல் பின்னினேன். மூன்று வாரத்தில் ஒரு முழ நீளம் ஆகிவிட்டது.

அதைச் சுருட்டிப் பையில் வைத்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். பிசியோதெரபி பெண் விரித்துப் பார்த்து, ஓரம் இவ்வளவு நேராக வந்திருக்கிறதே என்றாள். செய்து காட்டச் சொன்னாள். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாலு கண்ணி போட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் குறைந்தது.

"அண்ணா, இது பூரா வலது கை வேலைங்க. இடது கைக்கு இதுல ஒண்ணுமே இல்லியே."

அவள் குறை சொல்லவில்லை, தயங்கித்தான் சொன்னாள். இடது கையை எழுப்புவதற்காக ஆரம்பித்ததை, இடது கை இல்லாமலே செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். இத்தனை நாளில் இது எனக்கும் தோன்றவில்லை, மனைவிக்கும் தோன்றவில்லை.

அன்று மதியம், குழுவில் இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னேன். சூம்பிய கையைத் திரும்பக் கொண்டுவர அந்தக் குன்னூர்ப் பெண் எப்போதாவது முயன்றாளா என்று. கேட்கலாமா என்று மனைவி தயங்கினாள். பிறகு குழுவில் போடாமல் தனியாக அனுப்பினாள். பதில் வர இரண்டு நாள் ஆனது. மனைவி அதை முதலில் தனக்குள் படித்தாள், அப்புறம் எனக்கு வாசித்தாள்.

"எனக்கு ரெண்டு வயசுல போயிடுச்சு அக்கா. அந்தக் கை வேலை செஞ்சதே எனக்கு ஞாபகம் இல்ல. அதனால தேடுனதில்ல. உங்க வீட்டு அண்ணனுக்கு அவர் கை ஞாபகம் இருக்கும். அதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலீங்க."

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குப் போனாள்.

இப்போது காலையில் பிசியோதெரபி பெண் சொன்னபடி இரண்டு கையாலும் பின்னப் பார்க்கிறேன். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஊசியை நடுவில் வைத்து மூடுகிறேன். மூன்று கண்ணி, சில நாள் நான்கு, அதற்குள் ஊசி சாய்ந்துவிடுகிறது. கட்டை விரல் ஒரு நாள் அசைந்தது போல இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நின்று பார்க்கும்போது அசையவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தறியில் பாவு இழை அறுந்திருக்கிறது என்று போனாள். மதியத்துக்கு மேல் துண்டைச் சுருட்டிக் கட்டிக்கொள்கிறேன். சாம்பல் நூல் தீர்ந்து, இப்போது நீலத்தில் போய்க்கொண்டிருக்கிறது.