பாம் டாக்டர்

எங்கள் யார்டில் ஒருவருக்கு 'பாம் டாக்டர்' என்று பெயர் வைத்தவன் நான்தான். இப்போது தேர்வாய் கண்டிகையில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஆனாலும் பழைய ஆட்கள் யாராவது கும்மிடிப்பூண்டி பஜாரில் என்னைப் பார்த்துவிட்டால், "இன்னா சார், நம்ம பாம் டாக்டரு எப்டிகீறாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். "நல்லாகீறாருப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

பட்டப்பெயர் வைப்பதில் அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கெத்து இருந்தது. இரும்பு உருக்கும் ஆலையில் ஸ்கிராப் யார்டு சூப்பர்வைசர் நான். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். எங்கள் வம்சத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்ட முதல் ஆள் நான்தான் என்ற நினைப்பு தலைக்குள் எப்போதும் இருந்தது. நான் ஒன்று சொன்னால் யார்டே சிரிக்கும். சூப்பர்வைசர் சொன்னதால் சிரிக்கிறார்கள் என்பது உறைக்க எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் கண்டெய்னராக வெளிநாட்டு இரும்பு வரும். கார் கதவு, பாலத்துக் கம்பி, துருப்பிடித்த ஃபிரிட்ஜ் என்று எல்லாம் கலந்து கிடக்கும். அதில் வாய் அடைபட்ட உருப்படி எதுவும் உலைக்குள் போகக் கூடாது. சாதாரண கேஸ் சிலிண்டர் போனாலே உள்ளே வெடித்து, உருகிய இரும்பு ஆள் மேல் கொட்டும். அதனால் கொட்டிக் கிளறிப் பொறுக்குவதுதான் எங்கள் வேலை.

சில வருஷங்களாகச் சரக்கின் முகம் மாறியது. எந்தெந்த நாட்டுச் சண்டையோ, எங்கள் யார்டில் வந்து கொட்டியது. துளை விழுந்த வண்டித் தகடுகள் வந்தன. முனை கூரான, கை நீள இரும்புக் குழல்கள் வந்தன. கூடவே வந்த பேப்பரில் எல்லாம் சோதித்துவிட்டதாக முத்திரை இருக்கும். ஒரு தடவை ஒரு வீட்டுக் கேட் வந்தது. பூவேலை செய்த, பச்சை பெயிண்ட் அடித்த கேட், மேலிருந்து கீழ்வரை பொத்தல். "டேய், கொசுவலை கேட்டுடா!" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் அதை இழுத்துப் போய்ச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். அவர்தான் நான் சொல்ல வந்த ஆள்.

அவர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வேலைக்கு வந்தவர். முகாம் ஆலையிலிருந்து பைக்கில் பத்து நிமிஷம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர், கேஸ் கட்டிங்கில் ஹெல்பர். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டு, நீ வா போ என்று பேசுவேன். அவர் என்னை சார் என்று கூப்பிட்டு, நீங்கள் வாங்கோ என்று பேசுவார்.

அந்தக் கூர்முனைக் குழல்கள் வெடிக்காத பீரங்கி ஷெல்கள் என்று முதன்முதலாகத் தெரிந்த அன்றைக்கு எல்லோரும் அலறியடித்து ஓடினோம். நான் ஓடிப்போய் நின்ற இடத்திலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, நீ சண்டையில இருந்து வந்த ஆளு. உனுக்குத் தெரியாததா? போய்ப் பாரு." அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு போனார். அவற்றின் பக்கத்தில் மண்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்தார். மூன்றைத் தூக்கித் தனியாக மணல் குழிக்குள் இறக்கினார். மிச்சத்தைக் காட்டி, "இதுகளைப் போடலாம் சார்" என்றார். உலையில் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு கண்டெய்னரின் கதவைத் திறந்ததும் முதலில் கற்பூரம் காட்டுவோம், எலுமிச்சம்பழம் நசுக்குவோம். பிறகு அவர் போவார். நாங்கள் எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த காங்கிரீட் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். "டாக்டரு நாடி புடிக்கிறாருப்பா, சத்தம் போடாதீங்க" என்று நான் சொல்வேன். முறைப்படி போலீசுக்குத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் யார்டை அடைப்பார்கள், உலை நிற்கும். மேலே இருந்தவர்கள் என்னிடம் "நீயே பார்த்துக்கோ" என்றார்கள். நான் பார்த்துக்கொள்ள அவரை வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் சரக்கு வந்தபோது அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கண்டெய்னர் வாயிலேயே நான்கைந்து குழல்கள் தெரிந்தன. ஒருத்தனும் பக்கத்தில் போக மாட்டேன் என்கிறான். "டாக்டரு வரட்டும் சார்" என்றார்கள். மேனேஜர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன்.

அவர் மனைவி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். "அவருக்குக் காய்ச்சல் தம்பி. எழும்பேலாமல் படுத்திருக்கிறார்."

"தெரியும்மா. ஒரு அர மணி நேரம் வந்தா போதும். ஷெல்லு வந்துகீது. அவர உட்டா பாக்கறதுக்கு வேற ஆளு கெடையாது."

அந்த அம்மா துணியைக் கீழே வைத்தார். "அவருக்கு ஷெல்லைப் பற்றி என்ன தெரியும்?"

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தேன். "இன்னாம்மா இப்டி கேட்டுட்ட! எங்க யார்டுக்கே அவருதான் பாம் டாக்டரு" என்று, காது வைத்துப் பார்ப்பதை, மணல் குழியை, எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். அவர் வீட்டில் இதில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தம்பி, அவர் இயக்கத்திலயும் இருக்கேல்லை, ஆமியிலயும் இருக்கேல்லை. தோட்டம் செய்தவர். அவருக்கு வெங்காயமும் மிளகாயும்தான் தெரியும்" என்றார். குரல் உயரவில்லை. "நாங்கள் ஷெல்லைக் கண்டதில்லை. சத்தம்தான் கேட்டிருக்கிறம். கூவிக்கொண்டு வரேக்க பங்கருக்குள்ள குப்புறப் படுத்திருப்பம். விழ முன்னம் ஒருத்தரும் பாக்கிறேல்லை. விழுந்தாப் பிறகு பாக்க ஒண்டும் மிஞ்சிறேல்லை. மூத்தவள் சோத்துப் பானையை எடுக்க மேல ஏறினவள். ஒன்பது வயசு. பானை அப்பிடியே கிடந்தது."

மண்டி போட்டு அவர் கண்ணை மூடியதை நான் கைத்திறமை என்று நினைத்திருந்தேன். பயத்தில் மூடியிருக்கிறார். ஏதோ குத்துமதிப்பாக மூன்றைப் பொறுக்கியிருக்கிறார், நாங்கள் கைதட்டியிருக்கிறோம். மகளைத் தின்ற சாமானின் மேல் ஒரு மனுஷனைக் காது வைக்கச் சொல்லிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று ஜோக் அடித்தவன் நான். அந்த வாசலில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"வேணாம்மா, அவரு படுக்கட்டும்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. மனைவியைப் பார்க்காமல், "வாங்கோ சார், போவம்" என்றார். நான் அவரைத் தடுக்கவில்லை. பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் சூடு என் முதுகில் தெரிந்தது. சிப்காட் ரோடு திரும்பும்போது கேட்டேன். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லண்ணே?"

"நீங்கள் தெரியுமோ எண்டு கேக்கேல்லையே சார். போய்ப் பார் எண்டுதானே சொன்னீங்கள்." கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார்: "முகாம் ஆக்கள் எட்டுப் பேர் உங்களிட்ட வேலை செய்யினம். நான் மாட்டன் எண்டா, அவங்களால பிரயோசனம் இல்லை எண்டு எல்லாரையும் நிப்பாட்டிப்போடுவீங்கள்."

அப்படி நிறுத்தமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். நிறுத்தியிருப்பேன். அது இரண்டு பேருக்குமே தெரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

யார்டுக்குள் நுழைந்ததும் ஆட்கள் விசிலடித்தார்கள். "டாக்டரு வந்துட்டாருடா!" ஒருவன் கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டினான். அவர் கையுறையைக்கூடப் போடாமல் கண்டெய்னரைப் பார்த்து நடந்தார். 'நிறுத்துண்ணே, போலீசைக் கூப்பிடுறேன், என் வேலை போனா போவட்டும்' என்ற வாக்கியம் முழுசாக என் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் அந்த யார்டில் நான் ஒருவன்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டு, சுவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பாத்துண்ணே" என்று கத்தினேன். வேறு என்ன கத்துவது?

அவர் மண்டி போடப் போனவர், நின்று திரும்பினார். என் தலை சுவருக்கு மேலே தெரிந்திருக்க வேண்டும். கையைத் தூக்கி, போ போ என்று காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ சார். இதுகளை நம்பேலாது."

தள்ளி நின்றேன்.