மூன்றாவது கிட்டார்

அவளுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. பட்டறையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் உப்புத்தாள். மரத்தைத் தேய்க்கிற அந்தச் சொரசொரத் தாளைப் பிடித்தபடியே இருபத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. எட்டாவதோடு படிப்பு போதும் என்று வீட்டில் முடிவானபோது அண்ணனின் கிட்டார் பட்டறையில் மரத்தூள் கூட்ட வந்தாள். பிறகு தேய்க்க, அறுக்க, ஒட்ட, துளை போட எல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் அங்கே இருப்பதே பாதி நாள் யாருக்கும் நினைவிருக்காது என்பதால் தடுப்பாரும் இல்லை.

அண்ணனுக்குக் காதுதான் சொத்து. மரம் வாங்கப் போனால் விரல் முட்டியால் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ‘இது பாடும்’, ‘இது பாடாது’ என்பார். அவர் கண்ணைத் திறக்கும்வரை மரக்கடைக்காரர் தும்மக்கூடக் கூடாது. மகோகனி ஒன்றுதான் பாடும், மற்றதெல்லாம் விறகு என்பது அவர் கட்சி. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிப்பது பிக்கப்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த பிக்கப்புக்குச் செம்புக் கம்பி சுற்றுபவர் அண்ணி. அண்ணி அதைச் சொல்லாத வாரம் கிடையாது.

கிட்டார்களை வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருநாள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பல்லாம் வாங்க வர்றவங்க, இது எந்தக் காட்டு மரம், வெட்டின இடத்துல வேற நட்டாங்களான்னு கேக்குறாங்க. நான் என்ன வனத்துறையா? மகோகனி இனிமே வேண்டாம். காட்டை அழிக்காத மரமா பாருங்க.”

“விறகுல கிட்டார் செய்யச் சொல்றீங்க,” என்றார் அண்ணன். “அதுக்குப் பட்டறைய மூடிட்டு வீட்ல உக்காந்துடலாம்.”

“வேணாம் சாமி,” என்றார் அண்ணி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாள் பூரா நீங்க வீட்ல உக்காந்தா, நான் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். உப்புத்தாள் மட்டும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பிடித்த பிடியை விடாதவர். மூடுவேன் என்றால் மூடிவிடுவார். இந்தப் பட்டறையை விட்டால் அவளுக்குப் போக ஓரிடம் கிடையாது. வேறெங்கும் போய் வேலை கேட்கிற வாயும் கிடையாது.

மறுநாள் காலை வேலைமேசையில் மூன்று கிட்டார் உடம்புகள் கிடந்தன. மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தது ஒன்று. இடித்த வீட்டின் கதவிலிருந்து அறுத்தது ஒன்று. பால் வற்றியதும் வெட்டிவிட்டு வேறு கன்று நடுவார்களே, அந்த ரப்பர் மரத்தில் செய்தது மூன்றாவது.

“இதெல்லாம் எப்ப பண்ணினே?” என்றார் அண்ணன்.

“சாப்பாட்டு நேரத்துல. ஒரு வருஷமா, சும்மா செஞ்சு பார்த்தது.”

ஒரு வருடமாக அவள் மதியம் சாப்பிடாததை யாரும் கவனிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டினார். “மூங்கிலு, கூடை பின்னலாம். கதவு, வாசிச்சா கிரீச்சுங்கும். ரப்பரு, பென்சில்ல தப்பா எழுதினா அழிச்சுக்கலாம்.”

பக்கத்துத் தெருவில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்தான் சமரசம் செய்து வைத்தார். திரை கட்டி, பின்னாலிருந்து வாசிக்கட்டும். ஒரே கழுத்து, ஒரே பிக்கப், ஒரே கம்பிகள். உடம்பு மட்டும் மாறட்டும். அண்ணனின் மகோகனியையும் சேர்த்து நான்கு. எது நன்றாக இருக்கிறதோ அதில் செய்யலாம். மகோகனி ஜெயித்தால், இனி மரத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார்.

மாற்றுவதும் வாசிப்பதும் உப்புத்தாள். செய்து முடித்த கிட்டாரைச் சோதிக்க மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, வாசிப்பாள். அவளுக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். யார் முன்னாலும் வாசித்ததில்லை. திரை என்றதால் சரி என்றாள். “முடியறவரைக்கும் திரையும் திறக்கக் கூடாது, நீ வாயும் திறக்கக் கூடாது,” என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். வாயே திறக்காதவளிடம் இதைச் சொன்னோமே என்று அவருக்குத் தோன்றவில்லை.

பயத்தில் அவள் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். கம்பியைத் தளர்த்தி, பின்பக்கத்து நான்கு திருகுகளைக் கழற்றி, கழுத்தை வேறு உடம்பில் பொருத்தி, மறுபடி கழற்றி. முப்பது தடவையாவது இருக்கும். கைக்குப் பழகிவிட்டது. திருகுகள்தான் பாவம், அதற்குள் தேய்ந்து போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய படுக்கை விரிப்பு திரையாகத் தொங்கியது. திரைக்குப் பின்னால் அவளே சீட்டுக் குலுக்கியதில் முதலில் ரப்பர் வந்தது. வாசித்தாள்.

“மொட்டையா இருக்கு,” என்றார் வாத்தியார்.

“தகரம்,” என்றார் அண்ணன். “அடுத்தது.”

மூன்று திருகுகள் வந்தன. நான்காவதின் தலை முழுக்க வழுக்கிவிட்டது. திருப்புளி சுற்றியது, திருகு அசையவில்லை. அழுத்தினாள், எண்ணெய் விட்டாள், கும்பிட்டும் பார்த்தாள். இருபது நிமிடம் போனது. வாய் திறக்கக் கூடாது, திரையும் திறக்கக் கூடாது. ‘அடுத்தது என்னாச்சு?’ என்று வெளியே அதட்டினார்கள். வேறு வழியில்லாமல் மூன்று திருகுகளையும் திரும்பப் போட்டு அதையே வாசித்தாள். கேட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு இந்தச் சோதனை நிற்கும் என்று நினைத்தாள்.

“ஆங்,” என்றார் கடைக்காரர். “இது வேற ரகம்.”

“அடியில ஒரு கனம் இருக்கு பாருங்க,” என்றார் வாத்தியார்.

உப்புத்தாள் மறுபடி திருப்புளியை எடுத்தாள். இன்னொரு இருபது நிமிடம் அந்தத் திருகோடு மல்லுக்கட்டினாள். மூன்றாவது தடவை அவள் மூன்று கார்டை முடித்தபோது வெளியே ஒரு ஸ்டூல் நகர்ந்தது.

“இது என் மரம்,” என்றார் அண்ணன். “இருபத்தேழு வருஷப் பழக்கம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

நான்காவது, கதவுதான் என்று ஏகமனதாக முடிவானது. கிரீச்சென்ற சத்தம் வாத்தியாருக்குக்கூடக் கேட்டதாம்.

“எனக்கு நாலும் ஒண்ணாத்தான் இருந்துச்சு,” என்றார் வாசலில் நின்ற அண்ணி.

“உனக்கு மிக்ஸி சத்தமும் பாட்டும் ஒண்ணுதான்,” என்றார் அண்ணன். திரையை விலக்கினார். “சொல்லும்மா. மூணாவது எது?”

“ரப்பர்,” என்றாள்.

கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அதோடு விட்டிருந்தால் அவள் ஜெயித்தது ஜெயித்ததாகவே இருந்திருக்கும். ஆனால் அண்ணன் மெதுவாக, “அப்ப முதல்ல வாசிச்சது?” என்றார்.

பொய் சொல்லவும் பேச்சுப் பழக்கம் வேண்டும். அவளுக்கு அது இல்லை.

“அதுவும் ரப்பர்தாண்ணே. நாலும். திருகு வரல.”

கிட்டாரைத் திருப்பிக் காட்டினாள். வழுக்கைத் தலைத் திருகை மூவரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணி தன் மேசைக்குப் போய்ச் செம்புக் கம்பி சுற்ற ஆரம்பித்தார். அண்ணனுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

முதலில் சுதாரித்தவர் வாத்தியார். “இருந்தாலும் மூணாவது வேறதான். கம்பி சூடாயிருக்கும். மரமும் கொஞ்சம் பழகியிருக்கும்.”

“அதானே பார்த்தேன்,” என்றார் அண்ணன் உடனே. “ரப்பரு பழகினா பாடும்போல. என் காது தப்பா சொல்லாது.”

“எனக்கு மூணாவது மாதிரிதான் வேணும்,” என்றார் கடைக்காரர். “முதலாவது மாதிரி வந்தா திருப்பி அனுப்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

அண்ணன் உப்புத்தாளைப் பார்த்தார். “முடியுமாம்மா?”

“பார்க்கிறேன்,” என்றாள் அவள்.

பட்டறையை மூடவில்லை. ரப்பர் மரப் பலகைகள் வந்து இறங்குகின்றன. அண்ணன் ஒவ்வொன்றையும் தட்டிக் கண்ணை மூடுகிறார். எப்போதாவது கடைக்காரர் ஒரு கிட்டாரை, ‘இது முதலாவது’ என்று திருப்பி அனுப்புகிறார். உப்புத்தாள் அதைத் துடைத்து மூலையில் மாட்டி வைக்கிறாள். பத்து நாள் கழித்து அதையே அனுப்புகிறாள்.

“இப்ப சரியா இருக்கு,” என்கிறார் அவர் போனில். “என்ன பண்ணினீங்க?”

“தேய்ச்சோம்,” என்கிறாள்.

அந்த ஒரு திருகை மட்டும் அவள் இன்னும் எடுக்கவில்லை. அந்தக் கிட்டார் அண்ணியின் மேசைக்கு மேலே தொங்குகிறது. அண்ணன் அந்தப் பக்கம் போனால், அண்ணி நிமிராமலே ஒரு கம்பியைச் சுண்டி, “இது எத்தனாவதுங்க?” என்று கேட்கிறார்.