துரைசானி பிரித்த சுபாவங்கள்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரத் துரைசானி எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, மனுஷருக்கு நாலே சுபாவம் என்று கண்டுபிடித்துவிட்டார். அக்கினி, காற்று, தண்ணீர், மண். அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற வேலை கொடுத்தால் பள்ளிக்கூடம் செழிக்குமாம். நல்ல யோசனைதான். ஆனால் நாட்டு வைத்தியன்கூட நாடியைப் பிடித்துப் பார்த்துத்தான் பித்தம் என்பான். இவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். அதுவும் எந்த முகம்? துரைசானிக்கு முன்னால் நாங்கள் வைத்துக்கொண்டு நிற்கிற முகம்!

என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் அறையில் மட்டும் கைகட்டி, "சரி அம்மா" என்பேன். என்னைத் 'தண்ணீர்' என்றார். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருகிற மூத்த உபாத்தியாயினி ஒருத்தி இருந்தாள். நாங்கள் அக்கா என்போம். துரைசானியைக் கண்ட பயத்தில் அவள், "ஆகட்டும் அம்மா, ஆகட்டும் அம்மா" என்று படபடப்பாள். அவளை 'அக்கினி' ஆக்கிவிட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் தங்கும் போர்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போது காலியாக இருந்தது. அதோடு ஓர் அறையும் உண்டு. தாலியறுத்தபின் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கிடந்தவள் நான். அண்ணி எனக்குச் சோறு போடும்போது அகப்பையிலேயே முகத்தைக் காட்டுவாள். அந்த அறை கிடைக்க வேண்டுமென்று ஜெபம் பண்ணாத நாளில்லை. "இந்த வருஷத்து அசனத்தைப் பார்த்து முடிவு செய்வேன்" என்று துரைசானி சொல்லியிருந்தார்.

ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பந்திதான் அசனம். தண்ணீரான என்னை விருந்தாளிகளை வரவேற்க வாசலில் நிறுத்தினார். அக்கினியான அக்காவைச் சோற்று அடுப்புக்கு அனுப்பினார். முன்பந்தி கேட்டு வந்த பெரிய வீட்டு அம்மாள்களிடம் சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்தது.

இலை போட்டாயிற்று. சபைக் குருவான ஐயர் எழுந்து ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஆமென் சொன்னதும் இலையில் சோறு விழ வேண்டும். சோற்றையோ காணோம். பின்கட்டுக்கு ஓடினேன். ஒரு கிடாரம் சோறு குழைந்து களியாகிவிட்டது. மற்றது பொங்கி வழிந்தது. அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்; அடுப்படிப் பையன்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டும் தங்கச்சி, பைய இறக்கிக்கிடலாம்."

"பையவா? அங்கன ஐயரு ஆமென் சொல்லப் போறாரு! ஏலே, விறக இழுங்கலே! கஞ்சிய வடிங்கலே! தள்ளி நில்லுங்கக்கா, என்ன வேடிக்க பாக்கிய?"

நல்லவேளை, எங்கள் ஐயருக்கு ஜெபம் சீக்கிரம் முடியாது. ஆமென்னுக்குச் சரியாகச் சோறு இலைக்குப் போனது. குழைந்ததில் பருப்பை ஊற்றிச் சின்னப் பிள்ளைகளின் பந்திக்கு அனுப்பினேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பின்னால் துரைசானி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"உங்களை நான் தப்பாய் அறிந்திருந்தேன்" என்றார் என்னிடம். "நீங்களே அக்கினி. பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கோ சாந்தம் வேண்டும்." போர்டிங் சாவியை அக்காவின் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அசனத்து அடுப்பை இனி வருஷந்தோறும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

அத்தனை நாளில் அவர் சரியாகப் பிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்த அறைக்காக எத்தனை நாள் வாயைக் கட்டினேன்! சோற்றுக்காக ஒரே ஒரு தரம் திறந்தேன், அறை போய்விட்டது. சோற்றைக் குழையவிட்டவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பைய நடந்து போனாள்.

நான் கைகட்டி நின்று, "சரி அம்மா" என்றேன்.

வீட்டுக்குப் போனேன். அண்ணி அகப்பையை எடுத்தாள்.