குடும்பிமலைக் காட்டில் ரிஸானா ஓடிய ஆறு கிலோமீற்றர்

சித்திரை விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். குடும்பிமலைக் காட்டுக்கு என்றேன். ஆசிரியர் அறையில் பாதிப்பேர் நம்பவில்லை. எங்கள் ஊரில் மலையேற ஆசைப்படுகிறவர்கள் எல்லவுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் நுவரெலியாவுக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களையும் தாண்டி, நம் மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவு பெரிய காடு கிடப்பதை நாமே மறந்துபோகிறோம். யுத்தத்தால் கனகாலம் யாரும் போக முடியாத இடமாக இருந்ததும் ஒரு காரணம். இப்போது அங்கே மலையேறும் பாதை இருக்கிறது, காட்டுக்குள் சைக்கிள் ஓடும் பாதைகளும் இருக்கின்றன. போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கால் முறிந்த கதையும் நடுவில் வரும். அதைப் படித்துவிட்டுப் பயணத்தைக் கைவிட வேண்டாம்.

நான் களுவாஞ்சிக்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கூட வந்தவள் ரிஸானா. காத்தான்குடியில் பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறாள், கணவர் கட்டாரில் வேலை. போன வருடம் அவளுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்ததும் டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடை அலுப்பு, சைக்கிள் பழகுகிறேன் என்று நாற்பத்தொரு வயதில் தொடங்கினாள். பழக்கியது நான்தான். மூன்று மாதம் விழுந்து எழும்பினாள். பயணத்துக்கென்று எங்கள் இருவருக்கும் தளர்வான காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டையும் தைத்து வைத்திருந்தாள். ஹெல்மெட்டுக்குள் அடங்கும்படி, தலையை மூடும் தன் முந்தானையையும் வெட்டிச் சிறிதாக்கியிருந்தாள். ஆனாலும் தனியாக எங்கும் ஓடியதில்லை. "நீ முன்னால போ கா, நான் உன்ர பின் சில்லப் பாத்துக்கொண்டு வாறன்" என்பாள்.

காலை ஐந்து மணிக்குப் பட்டா லொறியில் கிளம்பினோம். பின்பெட்டியில் சைக்கிள்கள். போக வர, காத்திருக்க எல்லாமாகப் பதினையாயிரம் ரூபாய். லொறிக்காரர் சிவம் அண்ணன் எங்கள் ஊர்க்காரர். காத்தான்குடியில் ரிஸானாவும் ஏறிக்கொண்டாள்.

"ரீச்சர், சைக்கிளோட மலைக்குப் போற பொம்புளையள இண்டைக்குத்தான் ஏத்திறன்" என்றார் அவர்.

"பாத்து வெச்சுக்கொள்ளுங்க அண்ணன், இனி நிறையப் பேர் வருவாங்க" என்றாள் ரிஸானா.

மட்டக்களப்பு, ஏறாவூர் தாண்டிக் கிரானுக்கு ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டோம். பிட்டும் சம்பலும் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கு மேல் கடை இல்லை. கிரானிலிருந்து மேற்கே இருபது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். முதலில் வயல், பிறகு மேய்ச்சல் தரை, பிறகு கிறவல் றோட்டு. எட்டு மணிக்குக் காட்டு முகப்பில் இருக்கும் கொட்டிலில் பெயர் பதிந்தோம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எங்களுக்கு லோகன் என்ற முப்பது வயதுக்காரர் வந்தார், கிரான் ஆள்.

முதலில் மலை. பாலை, வீரை, முதிரை மரங்கள் அடர்ந்த நிழலில் கொஞ்சத் தூரம், அதற்கு மேல் வெறும் பாறை. பாறையில் சப்பாத்து வழுக்கும். ரிஸானா சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என்னை முந்தி ஏறிவிட்டாள். உச்சியில் நின்று பார்த்தபோது, சுற்றிலும் காடு, அதற்குள் குளங்கள், கிழக்கே பச்சை வயல் வட்டைகள், அதற்கும் அப்பால் வெளிச்சமாக ஒரு கோடு. "அதுதான் கடல்" என்றார் லோகன். இத்தனை வருடம் அந்தக் கரையில் வாழ்ந்தவள் நான். ஊரை முதன்முதலாக முழுதாகப் பார்த்த மாதிரி இருந்தது. இதெல்லாம் நம்முடையது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இறங்கி, இளைப்பாறி, சைக்கிள் பாதைக்குப் போனோம். ஒரு குளத்தைச் சுற்றிப் பதினான்கு கிலோமீற்றர். லோகன் முன்னால், நான் நடுவில், ரிஸானா பின்னால். எட்டாவது கிலோமீற்றரில் வற்றிய ஓடை ஒன்று குறுக்கிட்டது. மெதுவாக இறங்குங்கள் என்று லோகன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் வேகமாக இறங்கினேன். முன் சில்லு மணலில் புதைய, சைக்கிளோடு குப்புற விழுந்தேன். எழும்பப் பார்த்தேன். இடது காலை ஊன்ற முடியவில்லை. கணுக்கால் அதற்குள் வீங்கிவிட்டிருந்தது.

போனில் கவரேஜ் இல்லை. லோகன் இரண்டு தடிகளை வைத்துக் காலைத் துணியால் கட்டினார். பிறகு ரிஸானாவைப் பார்த்தார்.

"அக்கா, யானை தண்ணிக்கு வாற இடம் இது. இவவத் தனிய விட்டுட்டு நான் போக ஏலா. ஆராவது கொட்டிலுக்குப் போய் உழவு மெசினக் கூட்டி வரணும்."

"எவ்வளவு தூரம்?"

"ஆறு கிலோமீற்றர். ஒரு இடத்தில பாதை பிரியும், இடப்பக்கம் போங்க. குளக்கட்டு தெரிஞ்சா சரியான வழி. யானையக் கண்டா கிட்டப் போகாதீங்க, அது போகுமட்டும் தள்ளி நில்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நீ போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ கதைக்காத கா. தண்ணியக் குடி" என்று தன் போத்தலை என் மடியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். ஓடையின் மறுகரையில் ஒருமுறை சறுக்கி, காலை ஊன்றி, மறுபடி மிதித்து மரங்களுக்குள் மறைந்தாள்.

இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். வலியைவிட அதுதான் பெரிய வேதனை. இடையில் குளப்பக்கம் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. லோகன் யானை விரட்டும் வெடியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேசவேண்டாம் என்று சைகை காட்டினார். சத்தம் மெல்ல விலகிப்போனது. அது போன திசையில்தான் அவளும் போயிருந்தாள்.

பிறகு மெசின் இரையும் ஓசை வந்தது. மெசினுக்கு முன்னால் சைக்கிளில் ரிஸானா. ஓட்டி வந்தவருக்கு நாங்கள் இருந்த ஓடை தெரியாதாம், அதனால் வழிகாட்டிக்கொண்டு ஆறு கிலோமீற்றரையும் திரும்ப ஓடி வந்திருந்தாள். முகமெல்லாம் புழுதி.

மெசினின் இழுவைப் பெட்டியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "குளக்கட்டில மூணு யானை நிண்டிச்சு கா. ஒண்டு குட்டி. நான் இறங்கி மரத்துக்குப் பின்னால நிண்டு, தெரிஞ்ச சூறா எல்லாம் ஓதினன். அதுகள் இறங்கிப் போன பிறகு ஏறி மிதிச்சன்."

"பயமா இருக்கல்லயா?"

"இல்லாமலா? காலு ரெண்டும் நடுங்கிச்சு. நடுங்குற காலாலயும் மிதிக்கலாம் கா."

மட்டக்களப்பில் ஆஸ்பத்திரி. எலும்பில் வெடிப்பு, ஆறு கிழமை மாவுக்கட்டு. வார்டில் இருக்கும்போதே அவள் கணவர் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். கேட்டு முடித்ததும், "தனியாவா?" என்றார். "ஓம், தனிய" என்றாள். அவர் தன் அறையில் இருந்த கூட்டாளிமாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனி முதலிலயிருந்து சொல்லு" என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். எனக்கு ஏற்பட்ட பெருமையில் காலில் மாவுக்கட்டுப் போட்டதே உறைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மாரியில் கிரான் பக்கம் றோட்டை வெள்ளம் மூடும், பங்குனிக்குப் பிறகு போங்கள். தடித்த ரயர் சைக்கிள்தான் சரி. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஓடையைக் கண்டால் இறங்கித் தள்ளுங்கள், இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

துணைக்கு ரிஸானா வருவாளா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்த தையல் வேலையே இன்னும் அவளிடம் குவிந்து கிடக்கிறது. அவளுக்கு மிச்சம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேண்டும். நீங்கள் வேறு யாரையாவது பாருங்கள்.