த்ரோவுக்கு ஏது ஆஃப்சைடு?

சலூனில் முறைக்குக் காத்திருக்கும் அண்ணன்மாரே, இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டியிருந்தாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். சரி, நாக்கு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. அங்கங்கே சூயிங்கம் மாதிரி கொஞ்சம் இழுத்திருக்கிறேன். ஆனால் அந்த கோல் விழுந்தது மட்டும் நிஜம்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர். பட்டப்பெயர் விசில். வாரம் முழுக்க யார் வீட்டுக் குளியலறையிலோ, மெஷினுக்குள் தலையை விட்டு சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடப்பார். 'இன்னுமா முடியலை?' என்று வீட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நச்சரிப்பார்கள். சனிக்கிழமை காலையில் மட்டும்தான் அவர் ஊதினால் உலகம் நிற்கும். உலகம் என்றால், கால்பந்து விளையாடுகிற பொடிசுகள். அவர்களுக்கு இவர்தான் ரெஃபரி. அந்த ஒரு காலைக்காகத்தான் மனுஷன் மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருந்தார்.

பொடிசுகளால் தொல்லையில்லை. பெற்றதுகள்தான் உயிரை வாங்கின. பந்து தோளில் பட்டாலும் "ஹேண்ட்பால்!" விலாவோடு ஒட்டிய கையில் வந்து மோதினாலும் "ஹேண்ட்பால்!" பிள்ளைகள் கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வர முடியும்? எதிராளியை ரோடு ரோலர் மாதிரி சாய்த்துவிட்டு, "பந்தைத்தானே தொட்டான்!" என்று நியாயம் வேறு.

இவர்களுக்கெல்லாம் தலைவர், விசிலின் சொந்த மச்சினன். பஸ் டிரைவர். அவர் தொண்டை திறந்தால் பக்கத்து மைதானத்தில் ஆட்டம் நின்றுவிடும். அவர் மகள்தான் கோல்கீப்பர்.

விசில் மேல் ஏற்கெனவே மலை மாதிரி புகார். சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொண்ணு வந்துச்சுன்னா விசிலைக் குடுத்துடுங்கண்ணே. என்னால பதில் சொல்லி மாளலை."

அன்றைக்கு ஆட்டம் சமநிலை. முடியப்போகிற நேரம். எதிரணிக்கு த்ரோ, கோட்டுக்கு வெளியே நின்று கையால் எறிவது. அவர்கள் பையன் ஒருத்தன் கோல் வாசலில், எல்லாரையும் தாண்டித் தனியாக நகம் கடித்துக்கொண்டிருந்தான். காலால் தட்டி அவனுக்குப் பந்து கொடுத்தால் ஆஃப்சைடுதான், கோல் செல்லாது. த்ரோவுக்கு அந்தச் சட்டமே கிடையாது.

பந்து பறந்தது. மச்சினன் முழங்கினார்: "ஆஃப்சைடு! எல்லாரும் நில்லுங்கடா!"

அவர் மகளின் அணிப் பிள்ளைகள் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. கோல்கீப்பரும் நின்றாள். நகம் கடித்தவன் ஒற்றைக் கால்விரலால் பந்தைத் தள்ளினான். எறும்பு முந்திக்கொண்டு போகிற வேகத்தில் அது உள்ளே போனது.

விசில் ஊதினார். கோல்.

"மாமா! கண்ணு அவிஞ்சு போச்சா?" மச்சினன் கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

"மாப்ளே, த்ரோவுக்கு ஆஃப்சைடு இல்லை. வெளிய போ."

"நான் எத்தனை மேட்ச் பாத்திருக்கேன் தெரியுமா?"

"நான் எத்தனையோ துணி பாத்திருக்கேன். அதுக்காகத் தையக்காரன்னு சொல்லிக்கிறேனா?"

"அப்பா நில்லுன்னாரு, நின்னேன்," என்றாள் கோல்கீப்பர், அழுகிற குரலில்.

"நீ பேசாம இரும்மா!"

விசிலின் மனைவி ஓடி வந்தார். ஒரு ஆளாவது நம் பக்கம் என்று விசிலுக்கு மூச்சு வந்தது. "ஏங்க, தம்பிதான் இவ்வளவு தூரம் சொல்றான்ல? ஆஃப்சைடா இருந்தா குடுத்துட்டுப் போங்களேன்!"

பற்களைக் கடித்ததில் விசிலுக்கு ஊதுகுழலே நசுங்கியிருக்கும்.

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பந்து மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி. மச்சினன் முந்தியே வந்து அதில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சட்டம் உங்க பக்கம்தான். நானே பாத்தேன்," என்றார் செயலாளர் மெதுவாக. "ஆனா இருபது பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. 'தெரியாம குடுத்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விசில் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அடுத்த சனிக்கிழமை பத்திரம். விசில் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மச்சினன் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"த்ரோவுக்கு ஆஃப்சைடு இல்லைடா!"

கத்திய கத்தலில் கூரைத் தகரம் ஆடியது. விசிலைக் கழற்றிச் செயலாளர் கையில் வைத்துவிட்டு நடந்தார். இப்போது சனிக்கிழமையும் அவர் தலை மெஷினுக்குள்தான்.

"நல்லா வேணும்," என்றார் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர். "தனியா நின்னான்ல? அப்ப ஆஃப்சைடுதானே?"

"யோவ், இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டே?" சலூன்காரர் கத்தியை நிறுத்தினார்.

"நீ சிரைக்கிற வேலையைப் பாரு!"

"மீதி முகத்தை நீயே சிரைச்சுக்க!"

"அண்ணே, த்ரோன்னா கையால எறியறது, அப்ப அது ஹேண்ட்பால்தானே?" என்று பெஞ்சிலிருந்து ஒருத்தர் எழுந்தார். அவ்வளவுதான், துண்டு பறந்தது.